பிரேக் அத்தை வைத்த சைரன்

எங்கள் அத்தைக்கு ஒருநாள் கோபம் வரவில்லையென்றால் அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் அக்கா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில். எங்கள் தெருவில் ஸ்டீயரிங் பிடிக்கிற கைகளில் முக்கால்வாசி அவளிடம் அடி வாங்கினவை. பல் டாக்டரம்மா, மருந்துக்கடைக்காரர், தண்ணி கேன் போடுகிறவர், எங்கப்பா, எல்லாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துத்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். மாமா மட்டும் வாங்கவேயில்லை. கடைசிவரை கிளட்சை டக்கென்று விட்டுக்கொண்டே இருந்தார், அப்படியே போயும் சேர்ந்தார். "நிதானமா விடுன்னேன், கேட்டாரா மனுஷன்" என்பாள். மாமாவைப் பற்றி அவள் சொல்கிற ஒரே அன்பான வார்த்தை அதுதான்.

அவள் கார் ஒரு வெள்ளை டப்பா. அவள் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காலால் அதை மிதிப்பதற்கு முன்னால் வாயால் மிதித்துவிடுவாள். "பிரேக்!" என்று அவள் போடுகிற சத்தத்தில் ஓட்டுகிறவன் கால் தானாக இறங்கும். முன்னால் போகிறவன் காலும் இறங்கும். அதனால் தெருவுக்கே அவள் பிரேக் அத்தை. அவளைவிட வயதான மருந்துக்கடைக்காரர்கூட "பிரேக்கம்மா வராங்க" என்றுதான் சொல்வார், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில்.

இப்படிக் கத்திக் கத்திக் கட்டின வீடு அது. சின்ன வீடு. முன்னறை, சமையலறை, ஒரு படுக்கையறை, கார் நிறுத்த ஒரு தகரக் கூரை. "இதுல ஒவ்வொரு செங்கல்லுக்கும் பின்னால ஒருத்தன் கியரை உடைச்சிருக்கான்" என்பாள். அந்த வீட்டில்தான் ஒரு மத்தியானம் திருடன் புகுந்தான்.

பட்டப்பகல். அத்தை ஒரு நர்ஸம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். வந்து பார்த்தால் கதவின் தாழ்ப்பாள் தரையில் கிடக்கிறது. டிவி இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை. குக்கரை உள்ளே இருந்த சோற்றோடு தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

டிவி போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்து சாவகாசமாகச் சொன்னாரே, அதுதான்.

"டம்மு டம்முன்னு சத்தம் கேட்டுச்சும்மா. ஆசாரி வேலை ஏதோ நடக்குதுன்னு நெனச்சேன்."

"என் வீட்டுல ஆசாரி வேலை நடந்தா என் சத்தம் கேக்காதா? என் சத்தம் இல்லாம இந்த வீட்டுல எந்த வேலையாவது நடந்திருக்கா?"

பல் டாக்டரம்மா மாடியிலிருந்து பார்த்தாராம். சாம்பல் நிற வேன் ஒன்று நின்றதாம், சாமான் ஏற்றினார்களாம். "நீங்க வீடு மாத்துறீங்களோன்னு நெனச்சேன். சொல்லாம போறாங்களேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வருத்தப்பட்டியா? ரொம்ப நல்லது. கீழ எறங்கி வந்து வருத்தப்பட்டிருந்தா என் குக்கராவது மிஞ்சியிருக்கும்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பள்ளிக்கூடமும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டோம். அன்றிலிருந்து, மெத்தை விற்கிற அப்பாவுக்கு ஒத்தாசைப் பெண்ணாக அவர் வேனில் ஏறி இறங்குகிறேன். தெருவில் காலிங் பெல்லை அமுக்கிவிட்டு ஓடுவது, ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பி வைப்பது எல்லாம் நான்தான். நான் பெல்லை அமுக்கினால் மூன்று வீட்டுக்காரர்கள் துரத்திக்கொண்டு வருவார்கள். ஒரு வீட்டையே காலி செய்தால் ஒருத்தரும் வரமாட்டார்களாம்.

அப்பா அன்றைக்கே பேச்சை எடுத்தார். "அக்கா, தனியா இருந்தது போதும். வீட்டைப் பூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. பின்னால ரூம் இருக்கு."

"அது ரூமா? விக்காத மெத்தைய அடுக்கி வெச்ச குடோன். அதுல நானும் ஒரு மெத்தையா?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதுக்குச் சொல்றவன் மொதல்ல எனக்குத் தம்பியா பொறக்காம இருந்திருக்கணும்."

இரண்டு பேரும் கத்தினார்கள். அப்பா கத்தினால் கண்ணில் தண்ணி வந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படியாம். அதைப் பார்த்ததும் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்தாள். "சரிடா. அலாரம் வெக்கிறேன். அதுக்கப்புறமும் ஒருத்தன் உள்ள வந்து நிம்மதியா வெளிய போனான்னா, நானே பொட்டியத் தூக்கிட்டு வந்து உன் மெத்தைக்கு நடுவுல படுத்துக்கறேன். சத்தியம்."

அத்தை சத்தியம் செய்தால் செய்ததுதான். சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நிற்கிற ஆள்.

அலாரம் மாட்ட ஓர் அண்ணன் ஏணியோடு வந்தார். வெளிச்சுவரில் ஜன்னலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தார். கதவில் ஒரு காந்தம். சாவி போட்டு, பொத்தானில் ரகசிய எண்ணை அமுக்காமல் கதவைத் திறந்தால் பெட்டி கத்தும், அவ்வளவுதான்.

"அக்கா, அஞ்சு சவுண்டு இருக்கு. எது வேணும்னு நீங்களே கேட்டு எடுத்துக்கங்க."

அத்தை தெரு நடுவில் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். பெட்டியைப் பார்த்து நிற்கவில்லை. தெருவைப் பார்த்து நின்றாள்.

முதல் சத்தம் ஒரே நீட்டாக, பீ என்று காதுக்குள் கம்பியை விட்டது. பல் டாக்டரம்மா மாடியில் ஜன்னலைச் சாத்தினார். "வேண்டாம். இது கதவைத் தெறக்க வெக்கல, சாத்த வெக்குது."

இரண்டாவது கிய்யாவ் கிய்யாவ் என்று அவசரமாகக் கத்தியது. "மருந்துக்கடைக்காரன் ஸ்கூட்டர் தெனமும் இப்படித்தான் கத்துது. அவனே எந்திரிக்கிறதில்ல."

மூன்றாவது டீடா டீடா. "சின்னப் பசங்க ஐஸ் வண்டின்னு காசு எடுத்துட்டு வரும். அடுத்தது."

நாலாவது ஏறி ஏறி இறங்கியது. ஊவ்... என்று எங்கோ ஆரம்பித்து உச்சிக்குப் போய், மறுபடி வயிற்றுக்குள் இறங்கியது. தெருவில் எல்லா முகங்களும் மாறிப்போயின. பல் டாக்டரம்மா சாத்தின ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து, தன் ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்திவிட்டு, கவலையோடு தெருமுனையைப் பார்த்தார். அத்தை அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை.

"பாத்தியா? கல்லு நெஞ்சுக்காரனும் கதவைத் தெறக்கிறான். இதையே வை."

"அக்கா, இது ஆம்புலன்ஸ் மாதிரியே இருக்கும். கம்பெனில இதை வெக்காதன்னு சொல்வாங்க. கேக்கறவங்க கொழம்பிடுவாங்க."

"கொழம்பட்டும். இத்தனை நாள் தெளிவா இருந்து என்னத்தக் கிழிச்சாங்க?"

"அஞ்சாவதும் கேட்டுடுங்களேன். அது உங்க கொரலை நீங்களே ரெக்கார்டு பண்ணிக்கறது."

"திருடனுக்கு நான் பேச்சு வேற குடுக்கணுமா? எறங்குய்யா ஏணியவிட்டு."

அத்தை புதுக் குக்கர் வாங்கினாள். கொஞ்ச நாள் தெரு அமைதியாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், நானும் அப்பாவும் மெத்தை இறக்கிவிட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். ஊவ் என்று சத்தம் கேட்டது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வேனை ஓரம் கட்டினார். எல்லாம் ஒரே மூச்சில். அத்தை சொல்லிக்கொடுத்தது அப்படி. சைரன் கேட்டால் யோசிக்காதே, ஓரம் கட்டு, வழி விடு. அவளிடம் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் அது எலும்பில் எழுதியிருக்கிறது. தெருவைப் பார்த்தேன். தண்ணி கேன் வண்டி சுவரை உரசி நின்றது. பல் டாக்டரம்மா காரை அவசரமாகக் கேட்டுக்குள் ஏற்றினார். மருந்துக்கடைக்காரர் தன் ஸ்கூட்டரை நகர்த்திவிட்டுக் கடைக்கு வந்த இரண்டு பேர் சைக்கிளையும் நகர்த்தினார். எங்கள் தெரு அவ்வளவு அகலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த அகலத்தில் ஒரு சாம்பல் நிற வேன் வந்தது. ஓட்டினவன் எங்களைப் பார்த்துக் கை தூக்கி நன்றி சொன்னான். அப்பாவும் போ போ என்று கை காட்டினார்.

"பாவம், யாருக்கு என்னவோ" என்றார்.

பின்னாலேயே ஆம்புலன்ஸ் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. சத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி ஏறி இறங்கியது.

"அப்பா, இந்த ஆம்புலன்ஸ் ஏன் நகரவே மாட்டேங்குது?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அத்தை வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

அத்தை வந்தபோது சத்தத்தை அணைக்க அலாரம் அண்ணனும் வந்துவிட்டிருந்தார். இந்தத் தடவை புதுக் குக்கரும், காருக்கு வைத்திருந்த ஸ்டெப்னி டயரும், கட்டில் மேல் கிடந்த போர்வையும் போயிருந்தன. அத்தை காலி அடுப்பைப் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லோரும் தயாராக நின்றோம். கத்தவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கினாள். அவள் கத்தாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை.

அப்பா வாசலில் நின்று செருமினார். "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா. பரவால்ல விடு. ரூமை ஒதுக்கி வெக்கச் சொல்றேன். மெத்தையெல்லாம் ஒரு பக்கமா..."

அத்தை ஒரு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்தப் புடவை மடிகிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திருடன் மேல் இல்லை. இவர் மேல்.

"அந்த வேனுக்கு வழி விட்டு, கை காட்டி, போ போன்னு அனுப்பி வெச்சது யாருப்பா?"

அத்தையின் கை நின்றது. "என்னது?"

"சும்மா இருடி" என்று என்னை அதட்டினார் அப்பா.

"யாரு வழி விட்டா?"

"அப்பாதான். தண்ணி கேன்காரர், டாக்டரம்மா, மருந்துக்கடைக்காரர், எல்லாரும்தான். தெருவே ஒதுங்கி நின்னு வழியனுப்புச்சு. அவன் நன்றி சொல்லிட்டுப் போனான் அத்தை. கை தூக்கி!"

பெட்டி மூடி டப்பென்று விழுந்தது. அத்தை வெளியே போனாள். தெரு நடுவில் நின்று ஒரு சத்தம் போட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "என்கிட்ட ஸ்டீயரிங் புடிச்சதுங்க எல்லாம் வெளிய வாங்க!"

வந்தார்கள். பல் டாக்டரம்மா கையுறையோடு, மருந்துக்கடைக்காரர் பாதி சாப்பாட்டோடு, தண்ணி கேன்காரர் தோளில் கேனோடு. அப்பாவும் போய் வரிசையில் நின்றுகொண்டார், தானாக.

"சைரன் கேட்டா என்ன பண்ணணும்?"

தண்ணி கேன்காரர் கேனைத் தோள் மாற்றினார்.

"கேக்கறேன்ல?"

"ஓரம் கட்டணும்" என்றார்கள். எல்லாரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஓரம் கட்டினீங்க, சரி. கட்டிட்டு, வண்டி எங்க, நோயாளி எங்கன்னு ஒருத்தனாவது திரும்பிப் பாத்தீங்களா? மொதத் தடவை ஆசாரி. ரெண்டாந்தடவை ஆம்புலன்ஸ். மூணாந்தடவை என்ன, கல்யாணமா? பூ போட்டு அனுப்புவீங்களா?"

"நீங்கதானேம்மா அந்தச் சத்தத்தை வெச்சீங்க" என்று முணுமுணுத்தார் தண்ணி கேன்காரர். உண்மைதான். உண்மையைச் சொல்கிறவன் மேல் அத்தைக்கு இன்னும் கோபம் வரும். அவரை நோக்கித் திரும்பினாள். அந்த இடைவெளியில் மருந்துக்கடைக்காரர் நைசாக ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

"பிரேக்!"

அது அவள் தொண்டையிலிருந்து தானாக வந்தது. ஸ்கூட்டர் கிறீச்சென்று நின்றது. அது மட்டுமா? பல் டாக்டரம்மாவின் வலது கால் தரையை மிதித்தது. அப்பாவின் வலது கால் மிதித்தது. தண்ணி கேன்காரர் மிதித்த வேகத்தில் கேனிலிருந்து தண்ணி அவர் முதுகில் வழிந்தது. தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கார் நடு ரோட்டில் நின்று, கண்ணாடி இறங்கி, "என்ன மேடம், என்ன தப்பு பண்ணேன்?" என்றது.

அலாரம் அண்ணன் ஏணியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா... அந்த அஞ்சாவது சவுண்டு..."

அப்பா மூக்கை உறிஞ்சினார். "இன்னொரு சான்ஸ் எடுத்துக்கோ அக்கா" என்றார். யாருக்கு யார் சான்ஸ் கொடுப்பது என்கிற மாதிரி அத்தை அவரைப் பார்த்தாள். ஆனாலும் பெட்டி பரணுக்குப் போகவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்று வாசலருகிலேயே வைத்தாள்.

குரலைப் பதிவு செய்யலாம் என்று பார்த்தால் அவளுக்கு வரவேயில்லை. மைக்கை நீட்டினதும் "பிரேக்" என்றாள், ரேஷன் கடையில் பேர் கொடுக்கிற மாதிரி.

"அக்கா, கொஞ்சம் கோவமா."

"கோவமாத்தான்யா சொல்றேன்."

"நெசமா கோவம் வரட்டும்க்கா."

"வாழ்நாள் பூரா வந்த கோவம் இப்ப மட்டும் எங்க போய்த் தொலைஞ்சுதுன்னு தெரியல" என்று திண்டாடினாள். பாவமாக இருந்தது. வாசலில் பெட்டி வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் சத்தம் போடாமல் போய் அவள் காரில் ஏறினேன். எனக்கு லைசென்ஸ் இல்லை, அந்த சீட்டைத் தொடவே கூடாது என்பது அவள் கட்டளை. சாவியைத் திருகி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மாமா மாதிரி டக்கென்று விட்டேன். டப்பா ஒரு துள்ளு துள்ளிக் கேட்டைப் பார்த்துப் பாய்ந்தது.

"பிரேக்! பிரேக்குடி எருமை!"

என் காலும் இறங்கியது. கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. அலாரம் அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, "வந்துடுச்சுக்கா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு விழுந்த அறையை அவர் பதிவு செய்யவில்லை.

அலாரம் பெட்டியில் போட்டுக் கேட்டோம். எருமையும் சேர்ந்துதான் வந்தது. அதை வெட்ட அந்தப் பெட்டியில் வசதியில்லையாம், வேண்டுமானால் முதலிலிருந்து பதிய வேண்டுமாம். "இருக்கட்டும், அவ மறுபடி ஏறினா நான் கொன்னுடுவேன்" என்றாள் அத்தை.

சாம்பல் நிற வேன் மறுபடியும் வந்தது. வராமல் என்ன? ஒரு தெருவே ஒதுங்கி வழியனுப்பினால் யார்தான் வரமாட்டான்? அதே மத்தியான நேரம். கதவு திறந்ததும் எதுவும் கத்தாமல் இருக்க, ஒருத்தன் உள்ளே போய், அத்தை மறுபடி வாங்கியிருந்த குக்கரைத் தூக்கியிருக்கிறான். அத்தை உள்ளே வந்து எண்ணை அமுக்க நேரம் வேண்டுமென்று அலாரம் அண்ணன் இந்தத் தடவை கொஞ்சம் தாமதம் வைத்திருந்தார். சாமானை ஏற்றி வேன் கிளம்புகிற நேரத்தில் சுவர் கத்தியது.

"பிரேக்! பிரேக்குடி எருமை! பிரேக்! பிரேக்குடி எருமை!"

நான் எங்கள் வீட்டு மாடியில் மெத்தைக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். என் கால் மெத்தையை மிதித்தது. கீழே பார்த்தேன். தண்ணி கேன் வண்டி தெருவுக்குக் குறுக்கே திரும்பினபடி அப்படியே நின்றது. பல் டாக்டரம்மாவின் கார் பாதி கேட்டிலும் பாதி ரோட்டிலுமாக நின்றது. இந்தப் பக்கம் அப்பாவின் மெத்தை வேன் நட்ட நடுவில் நின்றது. ஒருத்தரும் ஓரம் கட்டவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று எல்லோரும் இறங்கி, திரும்பி, அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பார்த்தபோது வேனையும் பார்த்தார்கள்.

வேன்காரன் ஹாரன் அடித்தான். பின்னால் போனான், முன்னால் வந்தான். எங்கேயும் இடமில்லை. அப்பா இறங்கி நடந்தார். கண்ணில் தண்ணி வழிய வழியக் கத்திக்கொண்டே நடந்தார். "எனக்கா நன்றி சொன்ன? எனக்கா கை காட்டின?" மருந்துக்கடைக்காரர் ஷட்டர் இழுக்கிற கொக்கியோடு ஓடி வந்தார். திருடன்கள் இரண்டு பேரும் வேனை அப்படியே போட்டுவிட்டுச் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். எந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்களோ, ஹேண்ட்பிரேக்கூடப் போடவில்லை.

அத்தை வந்தாள். வேன் கதவைத் திறந்து குக்கரை எடுத்தாள். மூடியைத் திறந்து சோறு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தெரு முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அப்பாகூட எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நடு ரோட்டுல இப்படித்தான் வண்டிய நிறுத்துவீங்களா?" என்றாள். "எவனாவது இண்டிகேட்டர் போட்டீங்களா? டாக்டரம்மா, பாதி உள்ள பாதி வெளிய, இதுதான் பார்க்கிங்கா? டேய் தம்பி, உன் வேனை எடு, பின்னால வர்றவன் என்ன பறந்தா போவான்? எடுங்கடா எல்லாத்தையும்!"

எல்லோரும் ஓடிப்போய் எடுத்தார்கள். அப்பா திரும்பி வந்து, வாசலருகில் இருந்த பெட்டியைத் தூக்கி, நாற்காலி போட்டு ஏறிப் பரணில் வைத்தார். அத்தை அதைக் கவனிக்காத மாதிரி குக்கரை அடுப்பில் வைத்தாள்.

சாயங்காலம் அலாரம் அண்ணன் வந்தார். "அக்கா, இப்ப நிதானமா மறுபடி பதிஞ்சிடலாமா? அந்த எருமை இல்லாம?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கார் பக்கமே போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எருமை இல்லாமயா?" என்றாள் கோபமாக. "அது இல்லாம எனக்குக் கத்தவே வராது. அப்படியே இருக்கட்டும்."